நூற்றெண்பத்தெட்டாம் இடம்

கீழ்பென்னாத்தூரில் ரேணுகாம்பாளிடம் போய், உங்கள் சின்ன மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "வேங்கிக்கால்ல கம்ப்யூட்டர் சொல்லித் தர்றா" என்பதோடு அவள் நிறுத்த மாட்டாள். "ரத்தத்த வெச்சே எந்தக் கொழந்த பொழைக்கும், எது பொழைக்காதுன்னு சொல்லிடுவா" என்று ஒன்றைச் சேர்த்துப் போடுவாள். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். தேவிப்ரியா பக்கத்தில் இருந்தால், "அம்மா, சும்மா இரும்மா" என்பாள். குரல் அதட்டும், முகம் அதட்டாது. பெருமை யாருக்குத்தான் கசக்கும்?

ரேணுகாம்பாள் அப்படிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அவளைக் கட்டியவர் சொந்தத் தாய்மாமன் கண்ணாயிரம். அவர்கள் பக்கத்தில் அக்கா மகள் என்றால் மாமனுக்குத்தான் முதல் உரிமை. அவன் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வெளியே மாப்பிள்ளை தேடுவார்கள். கீர்த்தனாவும் தேவிப்ரியாவும் ஒரு குறையும் இல்லாமல் பிறந்து வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் இரண்டாவது வாரத்தைத் தாண்டவில்லை. பால் குடிக்கும், கக்கும், மஞ்சளாகும், வயிறு வீங்கும், போய்விடும். முதல் பிள்ளை போனபோது குலதெய்வக் குத்தம் என்றார்கள். இரண்டாவதை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கேதான் ஒரு டாக்டரம்மா அவர்களை உட்காரவைத்து விளக்கினார். பாலில் இருக்கிற சர்க்கரையை உடைக்க உடம்பில் ஒரு புரதம் வேண்டும், இந்தக் குழந்தைக்கு அது சரியாக உருவாகவில்லை, இதற்குப் பாலே விஷம், தாய்ப்பாலும் விஷம் என்றார். அம்மாவிடம் அந்தப் பழுது ஒரு பங்கு இருக்கிறது, அப்பாவிடமும் அதே பழுது ஒரு பங்கு இருக்கிறது, தனித்தனியாக இருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் ஆகாது, இரண்டு பங்கும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால்தான் வினை என்றார். பிறந்த அன்றே தெரிந்து பாலை நிறுத்தியிருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்றும் சொன்னார். பத்தாம் நாள் தெரிந்து என்ன பிரயோஜனம்? பதிமூன்றாம் நாள் கண்ணாயிரமும் ரேணுகாம்பாளும் பிள்ளையில்லாமல் ஊர் திரும்பினார்கள். பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதின காகிதம் ஒன்றுதான் அவர்களோடு வந்தது.

தேவிப்ரியாவுக்கு அப்போது பதினாறு வயது. அந்தக் காகிதத்தை அவள் மனப்பாடம் செய்தாள். நூற்றெண்பத்தெட்டாம் இடம். சி-ஏ-ஜி என்று இருக்க வேண்டிய மூன்றெழுத்து சி-ஜி-ஜி என்று மாறியிருக்கிறது. ஒரே ஓர் எழுத்து. ஒரு எழுத்துக்காகவா என் தம்பி செத்தான் என்று அன்றைக்கு வந்த கோபம்தான் அவளை பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எம்.எஸ்சி. வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. படித்து முடித்தபோது சென்னையில் வேலை அமையவில்லை, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு மாடியில் இருந்த பயிற்சி மையத்தில், கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பைத்தானில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தாள். அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டாள்.

நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள், அதில் குறை சொல்ல முடியாது. "டி.என்.ஏ.ங்கறது நாலே நாலு எழுத்துதான். ஏ, டி, ஜி, சி. அத மொதல்ல இருந்து மூணு மூணாக் கிள்ளிகினே போங்க. ஒவ்வொரு மூணுக்கும் ஒரு அமினோ அமிலம். எதுக்கு எதுன்னு அறுபத்துநாலு வரியில ஒரு பட்டியல் போட்டு வெச்சுக்குங்க. கிள்ளு, பட்டியல்ல தேடு, சேரு. கடைசில கெடைக்கறதுதான் புரதம்" என்பாள். பத்து வரி நிரல். பிள்ளைகள் அரை மணி நேரத்தில் எழுதிவிடுவார்கள். இந்தப் பத்து வரியை வைத்துக்கொண்டுதான் அவள் தன் அக்காவின் வாழ்க்கையில் கை வைத்தாள்.

மாறன் ரேணுகாம்பாளின் கடைசித் தம்பி. கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் நடுவே சொந்தமாக வேன் ஓட்டுகிறவன். கீர்த்தனா டவுன் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள், போக வர அந்த வேன்தான். முறைமாமன் வேறு, கேட்கவா வேண்டும்? விஷயம் வீட்டுக்கு வந்தபோது ரேணுகாம்பாள்தான் முதலில் பயந்தாள். "எனக்கு ஆனது போதும்டி. வெளியவே பாக்கலாம்" என்றாள். கீர்த்தனா அழவில்லை, சண்டை போடவில்லை. "தேவி பாக்கட்டும்மா. அவ வேணாம்னு சொன்னா நான் மாமாவ மறந்துடறேன்" என்றாள். அவ்வளவுதான், பாரம் முழுக்க தேவியின் தலையில் வந்து உட்கார்ந்தது.

தேவியோடு படித்த வேதா சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். கீர்த்தனா, மாறன் இருவரின் ரத்தமும் அவளிடம் போனது. பழுது இருக்கக்கூடிய அந்த ஒரு ஜீனை மட்டும் மெஷினில் படித்து, எழுத்துகளாக இரண்டு கோப்பில் அனுப்பினாள். "ரிப்போர்ட்டெல்லாம் என்னால தர முடியாதுடி. இது வெறும் எழுத்து. ஒரு மரபணு டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணு" என்று போனில் சொன்னாள். சரி சரி என்றாள் தேவி. டாக்டர் எதற்கு, நான் எதற்குப் படித்தேன் என்று நினைத்துக்கொண்டாள். அகம்பாவம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரே ஒரு காகிதத்துக்காக இத்தனை வருஷம் படித்தவள், அந்தக் காகிதத்துக்குப் பதில் சொல்லும் நாள் வரும்போது அதை இன்னொருத்தர் கையில் கொடுப்பாளா?

போன வருஷம் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மையம் பூட்டியிருந்தது, சாவி அவளிடம் இருந்தது. அக்காவும் தங்கையும் மாடியில் உட்கார்ந்தார்கள், மாறன் கீழே வேனில் காத்திருந்தான். கீர்த்தனா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தேவி முதலில் அக்காவின் கோப்பைத் திறந்து நிரலை ஓட்டினாள். பாதியில் நின்றது. திரையில் சிவப்பாக நாலு வரி வந்து விழுந்தது. கீ எரர், சி-ஆர்-ஜி. அவளுடைய பட்டியலில் இல்லாத மூன்றெழுத்து அது. நாலு எழுத்துக்குள்ளே 'ஆர்' என்று ஒன்று கிடையவே கிடையாது.

"என்னாடி செவப்பா வருது?" என்றாள் கீர்த்தனா. அவள் குரலே மாறிப்போயிருந்தது.

தேவி ஒரு நிமிஷம் திரையைப் பார்த்தாள். ஏதோ ஒன்று உள்ளே இடறியது, அது உண்மை. ஆனால் பக்கத்தில் அக்காவின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லக்கா. மெஷின் ஒரு எடத்துல சரியா படிக்கல. இதெல்லாம் சகஜம்" என்றாள். சொன்ன பிறகு அதைத் தானும் நம்பினாள். மெஷினுக்குப் புரியாத இடங்களில் இப்படி வேறு எழுத்து விழுவதைக் கல்லூரியில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். நிரலில் ஒரு வரி சேர்த்தாள். நாலு எழுத்தைத் தவிர வேறு எது வந்தாலும், பழுதில்லாத மாதிரியில் அந்த இடத்தில் என்ன எழுத்து இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள் என்று ஒரே வரி. திரும்ப ஓட்டினாள். முந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலமும் மாதிரியோடு ஒத்துப்போனது. நூற்றெண்பத்தெட்டாம் இடம் சுத்தமாக இருந்தது. அடுத்து மாறனின் கோப்பு. அதில் எரரே வரவில்லை, ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது.

"ரெண்டு பேருக்கும் இல்லக்கா" என்றாள் தேவி.

கீர்த்தனா அப்போதுதான் அழுதாள். தங்கையின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, சத்தம் வராமல் வெகுநேரம் அழுதாள். தேவி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிச் சொன்னதும், கீழே மாறன் என்ன செய்வதென்று தெரியாமல் வேனின் ஹாரனை இரண்டு தரம் அழுத்தினான். தை மாதம் கல்யாணம் நடந்தது. நாலு வீடு தள்ளித்தான் மாறனின் வீடு, சீர்ப் பாத்திரங்களைக் கையிலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சித்திரையில் கீர்த்தனா தலை சுற்றுகிறது என்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, குடும்பத்தில் ஏதாவது பரம்பரை வியாதி உண்டா என்று கேட்டு எழுத வந்தபோது ரேணுகாம்பாள் முந்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. எங்க சின்னப் பொண்ணே டெஸ்ட் பண்ணிட்டா" என்றாள். இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

இந்த வருஷம் ஐப்பசிக் கடைசி, புதன்கிழமை. கீர்த்தனாவுக்கு ஒன்பதாம் மாதம். வேங்கிக்கால் மையத்தில் அன்றைக்கு, நிரலில் வருகிற பிழைகளைப் பற்றிப் பாடம். தேவி உதாரணத்துக்குத் தன் பழைய கோப்புகளையே எடுத்தாள், பெயர்களை மட்டும் மாற்றியிருந்தாள். பிழை எப்படி வரும் என்று காட்ட வேண்டும் அல்லவா? அதற்காக, தான் சேர்த்த அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, சுவரில் விழும் பெரிய திரையில் ஓட்டினாள். முதல் கோப்பு சி-ஆர்-ஜியில் நின்றது. "பாத்தீங்களா? இதான் கீ எரர். மெஷின் சரியா படிக்காதப்போ வரும்" என்றாள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது கோப்பு இப்படி நிற்காது, எரர் இல்லாத கோப்புக்கு அதுதான் உதாரணம் என்று நினைத்து அதை ஓட்டினாள். அதுவும் நின்றது. அதே சி-ஆர்-ஜி. அதே நூற்றெண்பத்தெட்டாம் இடம்.

முன்வரிசையில் இருந்த பூஜா கேட்டாள். "மிஸ், ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல எப்படி மிஸ் மெஷின் தப்பா படிக்கும்?"

தேவியின் காதில் அந்தக் கேள்வி விழுந்தது. பதில் அவளுக்குத் தெரியும். எம்.எஸ்சி. முதல் செமஸ்டரில் இரண்டு மார்க் கேள்வி அது. ஒவ்வொருவர் உடம்பிலும் ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி, அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஒரு பிரதியில் ஏயும் இன்னொரு பிரதியில் ஜியும் இருந்தால், மெஷின் இரண்டையும் பார்த்துவிட்டு, இரண்டும் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக 'ஆர்' என்று போடும். மெஷின் எந்தத் தப்பும் பண்ணவில்லை. பாதிப் பழுது இருக்கிறது என்று இருவரைப் பற்றியும் ஒழுங்காகத்தான் சொல்லியிருந்தது. அந்த இரண்டு மார்க்கையும் முழுசாக வாங்கியவள், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் மறந்துபோனாள். மறந்ததோடு விட்டாளா? மெஷின் சொன்னதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தனக்குப் பிடித்த எழுத்தை எழுதிக்கொண்டாள். முதல் கோப்புக்காகச் சேர்த்த வரி, இரண்டாவது கோப்பை வாயையே திறக்கவிடவில்லை.

பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வேதாவுக்குப் போன் போட்டாள்.

வேதா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "நாலுல ஒண்ணு சான்ஸ் இருக்குது தேவி" என்றாள்.

"அப்ப மூணு நல்லதுதானே."

"அந்த ஒண்ண நெனச்சுக்கடி. உங்க வீட்ல ஏற்கனவே ரெண்டு போயிருக்குது. இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லு. பொறந்ததும் பால் தரக் கூடாது. சோயா பவுடர் இருக்குது, கொழந்தைங்களுக்குன்னே வருது, அதக் குடுத்துட்டு ரத்தத்த டெஸ்ட் பண்ணணும். முதல் நாளே புடிச்சுட்டா பொழச்சுக்கும். புரியுதா? நீ சொன்னாப் போதும், பொழச்சுக்கும்."

சொல்லத்தான் அன்றைக்குச் சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கீர்த்தனா வீங்கின காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேவியைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்து வயிற்றின்மேல் வைத்து, "உதைக்குது பாரு, உன் கொரலக் கேட்டாதான் உதைக்குது" என்றாள். தேவி வாயை மூடிக்கொண்டாள். வளைகாப்பு முடியட்டும், சந்தோஷமாக இருக்கிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தாள்.

வளைகாப்பு அன்றைக்கு ரேணுகாம்பாள் முன்னால் வரவில்லை. தாலியும் போய், இரண்டு பிள்ளையையும் மண்ணுக்குக் கொடுத்த கை என்று அவளே ஒதுங்கிப் பின்னால் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி, "பயமா இல்லையா ரேணுகா?" என்று கேட்டதற்கு, "பயமே இல்ல. எனக்குப் பொறந்தப்ப யாருக்கு என்னா தெரிஞ்சுது? இப்ப தேவி பாத்துட்டாளே" என்றாள். தேவி புளிச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்களே, அதைத்தான் அன்றைக்கு அவள் இலை இலையாகச் செய்தாள்.

அப்புறம் கார்த்திகை தீபம் முடியட்டும் என்று நினைத்தாள். அப்புறம், பிரசவம் ஆகட்டும், அந்த நேரத்தில் டாக்டரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாலில் மூன்று, நாலில் மூன்று என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டாள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரக் குடும்பங்கள் வாங்குகிற ஒரு மருந்துக்கடையில் அந்தச் சோயா டின் கிடைத்தது. வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். டின்னை வாங்கினதே ஏதோ சொல்லிவிட்ட மாதிரி அவளுக்கு ஆறுதலாக இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும், அதில் தப்பில்லை. சறுக்கின யானை எழுந்து நிற்க வேண்டாமா?

தீபத்துக்கு மூன்று நாள் முன்னால், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, நாள் கணக்குக்கு முன்னாலேயே கீர்த்தனாவுக்கு வலி எடுத்தது. மாறன் வேனிலேயே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, வேங்கிக்காலில் இருந்த தேவிக்குப் போன் செய்தான். தீபக் கூட்டத்துக்காகப் பாதி ரோட்டை அடைத்திருந்தார்கள். ஆட்டோ ஒன்றும் வரவில்லை. நடையும் ஓட்டமுமாக அவள் போய்ச் சேர்ந்தபோது ஆண் பிள்ளை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முறைப்படி நர்ஸம்மா குழந்தையை உடனே மார்பில் போட்டுச் சீம்பால் கொடுக்க வைத்திருந்தார். குழந்தை நன்றாகவே குடித்துக்கொண்டிருந்தது.

தேவி கைப்பையிலிருந்து டின்னை எடுத்தாள். "அக்கா, மொதல்ல ஒரு வாரத்துக்கு இதக் குடுப்போம். இதுதான் நல்லதுன்னு இப்பச் சொல்றாங்க" என்றாள்.

ரேணுகாம்பாள் சிரித்தாள். "தாய்ப்பால் இந்தச் சுரப்புச் சுரக்குது, டின்னு எதுக்குடி?"

நர்ஸம்மா சிரிக்கவில்லை. "படிச்ச பொண்ணுதானே நீ? சீம்பால விட்டுட்டு டப்பா பவுடர் குடுக்கச் சொல்ற? எதனா காரணம் இருக்குதா?" என்று கேட்டார்.

கேட்டாரே! வேறு யாராவது இப்படி வாயில் வந்து ஊட்டுவார்களா? எதனா காரணம் இருக்குதா என்று தெளிவாக, அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்தப் பிள்ளையின் உயிர் அந்த வாக்கியத்தில் இருந்தது. தேவி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "இல்ல, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு டின்னைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். இந்த இடத்தில் அவளை அடிக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் அவள் கெட்டவள் இல்லை. தன்னை நம்புகிறவர்கள் தன்னை நம்பாமல் பார்க்கிற பார்வையை அவளால் தாங்க முடியாது, அவ்வளவுதான். அவ்வளவே போதுமாக இருந்தது.

தீபத்தன்று கீர்த்தனாவும் பிள்ளையும் வீடு வந்தார்கள். மலையில் ஏற்றின தீபம் கீழ்பென்னாத்தூர் மாடியிலிருந்து சின்னதாகத் தெரிந்தது. ரேணுகாம்பாள் பேரனைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தாள். மறுநாள் குழந்தை இரண்டு தரம் கக்கியது. எல்லாக் குழந்தையும் கக்கும் என்றார்கள். தேவி மையத்துக்கு லீவு சொல்லிவிட்டு, தொட்டிலைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சிக்கு என்ன பாசம் என்று மாறன்கூடச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை, பிறந்து ஆறாம் நாள், குழந்தையின் கண் மஞ்சளாக இருந்தது. ரேணுகாம்பாள் துணியை விலக்கிப் பார்த்தாள். வயிறு உப்பியிருந்தது. மார்பில் விரலை அழுத்தி எடுத்தாள், அழுத்தின இடமும் மஞ்சளாகத் தெரிந்தது. இரண்டு பிள்ளையிடம் பார்த்த கண் அவளுடையது. அவள் கை குழந்தையின்மேலேயே நின்றுவிட்டது. கீர்த்தனா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேன் சாவியோடு மாறன் வாசற்படியில் நின்றான்.

"எனக்கு இந்த மஞ்சளத் தெரியும்" என்றாள் ரேணுகாம்பாள்.



பிறகு அவளே தலையை உதறிக்கொண்டாள். "தேவி மட்டும் பாக்காம இருந்திருந்தா, இந்நேரம் இதத் தூக்கிகினு வேலூருக்கு ஓடியிருப்பேன். அதான் அவ பாத்துட்டாளே. இது அது இல்ல. எல்லாத்துக்கும் வர்ற மஞ்சதான். நான்தான் பழசையே நெனச்சுகினு பயப்படறேன். பசியில அழுவுது பாரு, பால் குடு கீர்த்தனா."

கீர்த்தனா பிள்ளையை வாங்கி ரவிக்கையைத் தளர்த்தினாள்.

"குடுக்காதக்கா" என்றாள் தேவி. தன் வாயிலிருந்து வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "பால் குடுக்காத. நான் தப்பா பாத்துட்டேன். ரெண்டு பேருக்கும் இருக்குது. உனக்கும் இருக்குது, மாமாவுக்கும் இருக்குது."

கீர்த்தனா பிள்ளையை மார்பிலிருந்து பிய்த்து எடுத்தாள். அது வீறிட்டது. மாறன் ஓடிப்போய் வேனைக் கிளப்பினான். ரேணுகாம்பாள் அழவில்லை, திட்டவில்லை. மகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எப்பலேந்து தெரியும்?"

"பதினாறு நாளா."

கீர்த்தனா பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்ப, வளைகாப்பு அன்னிக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"ஆஸ்பத்திரில அந்தம்மா கேட்டாங்களே. டின்ன கையில வெச்சுகினு நின்னியே. அப்ப?"

"தெரியும்."

கீர்த்தனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தாள்.

வேலூர் போகும் வழியெல்லாம் பிள்ளை பசியில் கத்தியது. தேவி வேனின் பின்சீட்டில் உட்கார்ந்து டின்னைத் திறந்து, சுடுதண்ணீரில் கரைத்து, பாட்டிலில் ஊற்றி நீட்டினாள். கீர்த்தனா அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் பிள்ளையின் வாயில் வைத்தாள். கொஞ்சம் சிரமப்பட்டது. அப்புறம் அந்தப் பாட்டிலை அது முக்கால்வாசி குடித்தது, கக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே வந்த ரேணுகாம்பாள், போளூர் தாண்டினதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஈரல் கெட்டுவிட்டது, ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். குழாய் போட்டார்கள், ரத்தம் மாற்றினார்கள், தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஒரு டாக்டர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, ஏற்கனவே வீட்டில் ஒரு குழந்தைக்கு இங்கேயே கண்டுபிடித்திருக்கிறதே, பிறந்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நாலு பேரும் நின்றார்கள். யாரும் தேவியைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் பிள்ளை போய்விட்டது. அதற்கு இன்னும் பேர் வைத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கீர்த்தனாவுக்கு மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. பாலை நிறுத்த ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை அவள் தொடவில்லை. பிள்ளை இல்லாமல் போன வீட்டில், சுரக்கிற பாலைப் பீய்ச்சி, யார் காலும் படாத இடத்தில் ஊற்றிவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ரேணுகாம்பாளுக்கு அது தெரியும், இரண்டு தரம் செய்தவள். எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தாள். கீர்த்தனா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பீய்ச்சினாள். அம்மா டம்ளரை வாங்கக் கை நீட்டியபோது கொடுக்கவில்லை.

"அவளக் கூப்பிடு" என்றாள்.

தேவி அந்த வீட்டு வாசலிலேயே மூன்று நாளாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அம்மா கூப்பிட்டதும் எழுந்து வந்து அக்காவின் முன்னால் நின்றாள். அக்கா, என்ன மன்னிச்சுடு என்று சொல்வதற்கு மூன்று நாளாக மனசுக்குள் கோத்து வைத்திருந்தாள். கீர்த்தனா அதற்கு இடம் கொடுக்கவில்லை. டம்ளரை நீட்டினாள்.

"நீதானே பாத்துச் சொன்ன. இதையும் நீயே கொண்டுபோய் ஊத்து."

தேவி இரண்டு கையாலும் வாங்கினாள். டம்ளர் முக்கால்வாசி நிரம்பியிருந்தது, இன்னும் சூடாக இருந்தது. கொல்லைப்புறத்தில் வேலியோரம் இருந்த முருங்கை மரத்தடிக்குப் போய்க் குனிந்து ஊற்றினாள். மண் உடனே குடித்துவிட்டது. திரும்பி வந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

கீர்த்தனா ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டே, "சாயங்காலம் திரும்பக் கட்டிக்கும். ஆறு மணிக்கு வந்துடு" என்றாள். "எத்தினி நாள் சுரக்குதோ, அத்தினி நாளும் நீதான்."

"சரிக்கா" என்றாள் தேவி.